வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

தார்ப்பாயின் கடைசி முனையை, புயலில் முறிந்துபோன முருங்கையின் அடிமரத்தில் ஆசிக் கட்டினான். கையை எடுத்ததும் அவிழ்ந்து விழுந்தது. மறுபடி கட்டினான். மறுபடி விழுந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த எதிர்வீட்டுத் தங்கராசு குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கினான். ஒரு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தார்ப்பாய் விறைத்து நின்றது.

"பாய் சொல்லிக் குடுத்த முடிச்சு" என்றான் தங்கராசு. அடுத்த குடத்துக்குப் போய்விட்டான்.

பாய் என்று அவன் சொன்னது ஆசிக்கின் வாப்பா நூருல் அமீனை. அவர் அந்த மறைப்புக்குப் பின்னால் பெஞ்சில் கிடந்தார். காலை பஜ்ர் தொழுகைக்குப் பிறகு மவுத்தாகிவிட்டார். புயல் அடித்து அன்றைக்கு நாலாம் நாள். கடலூர் முதுநகரில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, ஐஸ் பெட்டிக்கு வழியில்லை. மதியம் லுஹர் தொழுகைக்கெல்லாம் அடக்கிவிட வேண்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். வாப்பாவின் மையத்தைக் குளிப்பாட்டத் தண்ணீருக்கு என்ன செய்வது என்று அவர் கேட்டபோது, ஆசிக் வாயைத் திறப்பதற்குள் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட இருக்கிற அடிபம்பில் மூன்று நாளாக வரிசை. வயசான அமராவதிகூட இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்றாள்.

ஒவ்வொரு குடம் வரும்போதும் ஆசிக்கின் சட்டைப் பையில் கிடந்த சாவி ஒரு தரம் நெஞ்சில் இடித்தது. பின்கட்டு அறைச் சாவி. உள்ளே நான்கு நீல ட்ரம். ஒன்றில் பாதி குறைந்திருந்தது. மற்ற மூன்றும் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன.

அந்த ட்ரம்களின் கதை சுனாமியில் தொடங்கியது. நூருல் அமீன் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் வலையும் விற்கிற கடை வைத்திருந்தார். அலை வந்து போன அன்று, உசிர் தப்பின ஜனம் பாலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு வாய் தண்ணீருக்குத் தவித்ததை அவர் பார்த்தார். கிணறெல்லாம் உப்பு, குழாயெல்லாம் சேறு. "சுத்தி அம்மாந் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்ல" என்று அதையே பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பயிற்சிக்குப் போய் ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, கழுத்தில் ஒரு ஆரஞ்சு விசிலோடு திரும்பி வந்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

முதலில் நல்லெண்ணெய் வந்த ட்ரம்களாகப் பார்த்து நான்கு வாங்கினார். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளிலிருந்து வெளியே வருகிற ட்ரம்களைத் தொடவே மாட்டார், எதைப் போட்டு வைத்திருந்தானோ என்பார். அப்புறம் தார்ப்பாய், கயிறு, டார்ச், மெழுகுவர்த்தி, தீப்பெட்டியைச் சுற்றிவைக்க ரப்பர் பலூன், அவல், பொட்டுக்கடலை. காலி தண்ணீர் பாட்டில்களைக் கோணிப்பையில் அடைத்துக் கட்டி மிதவை செய்தார். தெருப் பெண்களை உட்காரவைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை சர்க்கரை எத்தனை உப்பு என்று பாடம் எடுத்தார். விசிலுக்கும் கணக்கு உண்டு. நீளமாக ஒன்று ஊதினால் வீட்டைவிட்டு வெளியே வா. குட்டையாக மூன்று ஊதினால் குடத்தோடு வா, தண்ணீர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் ட்ரம் தண்ணீரைச் செடிக்கு இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவார். ஏழு வருஷம். ஒரு வெள்ளி தப்பவில்லை.

ஊர் அவருக்கு ட்ரம் பாய் என்று பேர் வைத்தது. அவர் சிரித்துக்கொண்டார். ஆசிக்குக்குத்தான் மானம் போயிற்று. சிதம்பரத்திலிருந்து பெண் வீட்டார் வந்த அன்று மாமனார் பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ட்ரம் வியாபாரமும் உண்டோ?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டான். தன் வாப்பா பேரிடருக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறார் என்று சொல்வதைவிட அது கௌரவமாகப் பட்டது அவனுக்கு. வாப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அப்போதும் விசிலைக் கழற்றவிடவில்லை. ஆசிக்கின் மனைவி முபீனாவுக்கு அந்த மாதம்தான் பிள்ளை பிறந்திருந்தது. கைக்குழந்தையையும் மாமனாரையும் ஒருத்தியே பார்க்க முடியாமல் அமராவதியைப் பகலில் ஒத்தாசைக்கு வைத்துக்கொண்டாள். ஆசிக் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டாகும். வீட்டில் பகலில் என்ன நடக்கிறது என்று அவன் கேட்டதும் இல்லை.

புயல் வந்த மறுநாள், சனிக்கிழமை காலை, அமராவதியும் தங்கராசும் இன்னும் நாலு பேரும் குடத்தோடு வாசலில் நின்றார்கள். அதற்கு முன்னாலேயே ஆசிக் பின்கட்டுக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்திருந்தான். மூன்று மாதத் தண்ணீர், நாறியிருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தான். கண்ணாடி மாதிரி கிடந்தது. வாப்பா போட்ட பிளீச்சிங் பவுடர் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டான். கரண்ட் வரப் பதினைந்து நாள் ஆகும், இருபது நாள் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். வீட்டில் மூன்று மாதக் குழந்தை. வாப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். வாப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"தண்ணி ஏதும் இல்லக்கா" என்றான் வாசலில். "வாப்பா படுத்ததுலேர்ந்து யாரு புடிச்சி வச்சா? ட்ரம் எல்லாம் காலியா கெடக்கு."

அமராவதி அவன் முகத்தையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். உள்ளே கட்டில் இருக்கிற பக்கம் அவள் கண் போயிற்று. திறந்த வாயை மூடிக்கொண்டாள். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை, நம்பிவிட்டார்கள் என்று அவன் நினைத்தான்.

உள்ளே வந்தபோது வாப்பா இடது கையால் விசிலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். கோணிப்போன உதட்டில் அது நிற்கவில்லை. ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். மூன்றாவது தரமும் ஊதினார். ஆசிக்குக்குக் கணக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினான். "தூங்குங்க வாப்பா" என்றான். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முபீனா மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, அந்தத் தண்ணிய இத்தினி நாளா..." என்றவளை அவன் முடிக்கவிடவில்லை. "உன் புள்ளக்கித் தண்ணி வேணுமா வேணாமா?" என்று கத்தினான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வாப்பா சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. முபீனா ஸ்பூனால் கொடுத்தால் இரண்டு வாய். ஆசிக் கொடுத்தால் உதடு பூட்டிக்கொள்ளும். முடியாமல் செய்கிறாரா, வேண்டாமென்று செய்கிறாரா என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்காமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். இன்று காலை கடைசி மூச்சு இழுக்கும்போது, கலிமா சொல்லிக்கொண்டே அவன் வாயில் ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்து தலையணையை நனைத்தது. "தண்ணி குடுத்தியாப்பா?" என்று ஹஜ்ரத் கேட்டபோது, "குடுத்தேன்" என்றான்.

"மவன் வாங்க. மேலுக்கு ஊத்துங்க" என்று பள்ளிவாசல் மோதினார் கூப்பிட்டார்.

ஆசிக் மறைப்புக்குள் போனான். வாப்பாவின் மேல் போர்த்திய துணிக்குமேல் செம்பு செம்பாக ஊற்றினான். அமராவதியின் குடம், தங்கராசின் குடம், மூலைவீட்டுப் பிரிசில்லா டீச்சரின் பிளாஸ்டிக் வாளி. ஒவ்வொன்றாகக் காலியாயிற்று. மோதினார் பதமாக இடது பக்கம் திருப்பி, வலது பக்கம் திருப்பித் தேய்த்துவிட்டார். கழுத்தில் விசில் கயிறு ஏழு வருஷமாகக் கிடந்த இடம் மட்டும் வெளுத்து ஒரு கோடாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க அது போகவில்லை.

கடைசியில் கற்பூரம் கலந்து ஊற்ற ஒரு குடம் குறைந்தது. "இன்னும் ஒண்ணு ஆவும். பக்கத்துல எங்கயும் இல்லியா?" என்றார் மோதினார்.

இருபது அடி தள்ளிப் பின்கட்டுக் கதவு. சாவி பையில். இப்போது போய்த் திறந்தால் என்ன? திறந்தால் தெருவே பார்க்கும். ஹஜ்ரத் பார்ப்பார், சிதம்பரத்திலிருந்து வந்து நிற்கிற மாமனார் பார்ப்பார். வாப்பாவுக்காகத் திறக்கலாம் என்று ஒரு மனசு சொல்லிற்று. கால் நகரவில்லை. வெட்கங்கெட்ட பயலே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு செம்போடு நின்றான்.

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து அமராவதியின் குரல் கேட்டது. "ஊட்ல குடிக்க வச்சது ஒரு குடம் இருக்குது. எடுத்தாறேன்."

அந்தத் தண்ணீரில்தான் கற்பூரம் கரைந்தது.

லுஹர் தொழுது, ஜனாஸா தொழுது, சாய்ந்து கிடந்த மரங்களையும் அறுந்து தொங்கிய ஒயர்களையும் தாண்டித் தாண்டிச் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கினார்கள். மூன்று கைப்பிடி மண் போடும்போதும் ஆசிக்குக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அழுதால் பார்க்கிறவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள அவனுக்கு மனசு இல்லை.

சாயங்காலம் அசர் முடிந்து வெயில் தாழ்ந்த நேரம் அவன் பின்கட்டைத் திறந்தான். நிறைந்திருந்த மூன்று ட்ரம்மையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டி உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தான். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. முபீனா கதவோரம் வந்து நின்றாள். திண்டிவனத்துப் பக்கமிருந்து லாரித் தண்ணீர் நாளைக்கு வரும் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

தன் குடங்களை எடுத்துப்போக அமராவதி வந்தாள். ட்ரம்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது.

"அக்கா, அன்னக்கி நான் பொய் சொல்லிட்டேன். தண்ணி இருந்திச்சி."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"புயலுக்கு மொத நாளு நாந்தானே மாத்தி ஊத்துனேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பாய் படுத்ததுலேர்ந்து வாரா வாரம் நாந்தான். வெள்ளிக்கிழம ஆச்சின்னா சாவிப் பக்கம் கையக் காட்டுவாரு. அந்த வாரம் புயல் வருதுன்னு வியாழக்கிழமையே கையக் காட்டிட்டாரு."

ஆசிக் ட்ரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடி மாதிரிக் கிடந்த தண்ணீர். அவன் குடித்தது, பிள்ளைக்குப் பால் பவுடர் கரைத்தது, எல்லாம் இவள் இடுப்பில் வந்தது. அதைக் காலி என்று இவளிடமே சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"ஏன்க்கா அன்னக்கே கேக்கல?"

"பாய் உள்ளாறப் படுத்துனு இருந்தாரு. புள்ள பொய் சொல்றது அவரு காதுல விழ வாணாம்னு வந்துட்டேன்."

அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. அவர் காதில் விழுந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? விசிலைக் கழற்றினதை எந்த வாயால் சொல்வது? செம்பை எடுத்து அவள் குடத்தில் ஊற்ற ஆரம்பித்தான். பாதி தரையில் சிந்தியது.

"சிந்தாத தம்பி" என்று அவளே செம்பை வாங்கி நிரப்பிக்கொண்டாள். குடத்தை இடுப்பில் ஏற்றினாள். தெருவைப் பார்த்தாள். கதவெல்லாம் சாத்தியிருந்தன. "ஊதுங்க. மூணு தடவ ஊதுனாத்தான் வருவாங்க."

ஆசிக் கைலி மடிப்பிலிருந்து விசிலை எடுத்தான். சனிக்கிழமையிலிருந்து அவனிடம்தான் இருந்தது. வாயில் வைத்து ஊதினான். காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான்.

அமராவதி நிறைந்த குடத்தை இறக்காமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.