பொத்தான் நிற்கும் கட்டம்

இடுப்பில் ஆணி அறைந்தது போல வலி. சுடலைக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. நேற்று அவனோடு சோடி சேர்ந்து சுமை தூக்கும் பூவனலிங்கம் வயிற்றுவலி என்று வேலைக்கு வரவில்லை. தீப்பெட்டி பண்டல்களைத் தனியாளாக லாரியில் ஏற்றினான். மேஸ்திரி பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "திங்கக்கிழமை சோடியோட வா. இல்லேன்னா வராத."

மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகை அது. மெழுகு வாடை இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கேதான் விளையாட்டு. இன்ஜினியரிங் காலேஜில் பாதியில் நின்றுவிட்டு ஜெராக்ஸ் கடையில் இருக்கும் மாதவன், ஹாஸ்டலில் பழகிக்கொண்டு வந்த விளையாட்டு. ஆளுக்கொரு வீரன். கதை சொல்வதும் பூதங்களை ஏவுவதும் மாதவன். அடி விழுந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

முதலில் சதுரக் கட்டம்தான் போட்டிருந்தார்கள். மூலைக்கு மூலை போனால் ஒரு கட்டமா ஒன்றரைக் கட்டமா என்று பூவனலிங்கமும் சுடலைக்கண்ணும் கைகலக்கப் பார்த்தார்கள். அதன்பிறகு மாதவன் லாரிச் சக்கரத்து நட்டு ஒன்றைத் தீப்பெட்டி லேபிள் தாளின் பின்பக்கம் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தான். தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரே தூரம். மூலை வழியாக நழுவுகிற வேலை இதில் கிடையாது.

இப்போது தாளின் நடுவில் ஒரு போல்ட்டு. அது சுடலைக்கண்ணு. அதைச் சுற்றி ஐந்து கட்டங்களில் ஐந்து புளியங்கொட்டை, பூதங்கள். ஆறாவது கட்டத்தில், முதுகுப் பக்கம், ஒரு சட்டைப் பொத்தான். பூவனலிங்கம்.

போன வாரமே மாதவன் சொன்னான். "அங்கன நிக்காதீங்க அண்ணாச்சி. சுடலை அண்ணாச்சிக்குத் தப்பிக்க வழி அடைபட்டுரும்."

"பின்னால ஆள் இல்லாம எவம்ல சுமை தூக்குவான்?" என்று பூவனலிங்கம் பொத்தானை அழுத்தி வைத்தான். முதுகில் விழும் அடிக்கு இரட்டைக் கணக்கு. அதைத் தடுக்கத்தான் போய் நின்றான். போல்ட்டு இன்னும் ஒரு சுற்று அடி தாங்காது என்று தெரிவதற்குள் இருட்டிவிட்டது. அடுத்த முறை பூவனலிங்கத்துடையது. "வார ஞாயித்துக்கிழமை நவுத்துதேன். அதுவரைக்கும் சாவாம இரு" என்று சொல்லிப் போனான்.

"மணி நாலாச்சு அண்ணாச்சி. அவிய வருவாவளா?" என்று இன்று மாதவன் கேட்டான்.

"வருவான்."

வந்தது வள்ளிமயில், சுடலைக்கண்ணுவின் பெண்டாட்டி. வாசலிலேயே நின்றாள்.

"உங்க சேக்காளி வீட்டுல பூட்டு தொங்குது. நேத்து ராத்திரியே பொண்டாட்டி புள்ளையளோட வேன் ஏறிட்டாவளாம். ஆந்திராப் பக்கம் செங்கல் சூளையாம்."

"வயித்துவலின்னானே."

"வயித்துவலிதான். நமக்கும் அதே வலிதான்."

"எப்ப வருவானாம்?"

"மழை பேஞ்சா சூளை நிக்குமாம். அப்ப வருவாவளாம்."

"எந்த மழைக்கு?"

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

மாதவன் குரலைத் தாழ்த்தினான். "நான் பொத்தான ஒரு கட்டம் தள்ளிரட்டுமா? அவிய இருந்தாலும் அதத்தான் செய்வாவ."

"கைய எடு."

ஆட்டத்துக்கு வராதவன் காயை யாரும் தொடக்கூடாது. சட்டம் போட்டதே சுடலைக்கண்ணுதான். கழுகுமலைக்கு ஒரு விசேஷத்துக்கு அவன் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பூவனலிங்கம் போல்ட்டை எடுத்து ஆடி, குற்றுயிராக்கி வைத்திருந்தான். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல்தான் இருவரும் சுமை ஏற்றினார்கள். அப்போது போட்ட சட்டம்.

"அப்ப பழைய சதுரத்துக்கே போயிருவோம். மூலை வழியா ஓடிரலாம்."

"நாளைக்கு மேஸ்திரிகிட்டேருந்து எந்த மூலை வழியா ஓடுவாவன்னு இவியகிட்ட கேளு தம்பி" என்றாள் வள்ளிமயில். "சோடிக்கு யாரக் கூட்டிட்டுப் போவீங்க? இந்தப் புளியங்கொட்டையவா?"

சுடலைக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். லோடுமேன்கள் எல்லோருக்கும் சோடி இருக்கிறது. இடுப்பு போனவனோடு புதிதாக எவனும் சேரமாட்டான். பூவனலிங்கம் சேர்ந்திருந்தான். இத்தனை வருஷமும் கனத்த பக்கத்தைத் தன் தோளுக்குச் சாய்த்துக்கொண்டவன் அவன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னால் சுடலைக்கண்ணு போகவிடமாட்டான் என்று பயந்திருப்பான். விட்டிருக்கவும் மாட்டான்.

"கலைக்கட்டுமா அண்ணாச்சி?"

"கெடக்கட்டும்."

மாதவன் காற்றுக்குத் தாளின் நாலு பக்கமும் ஓட்டுத் துண்டுகளை வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை விடியுமுன் சுடலைக்கண்ணு லாரி செட்டில் போய் நின்றான். மேஸ்திரி அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அடுத்த சோடியைக் கூப்பிட்டார்.

வெயில் ஏறுகிறவரை நின்று பார்த்துவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தான். புளியங்கொட்டை ஒன்றை எலி இழுத்துப் போயிருந்தது. அந்தப் பக்கம் வழி திறந்துதான் கிடந்தது. சுடலைக்கண்ணு தரையில் கிடந்த மிச்சக் கொட்டைகளில் ஒன்றை எடுத்து அதே கட்டத்தில் வைத்தான். பொத்தானைத் தொடவில்லை.

பூவனலிங்கம் அதை ஒரு கட்டம் நகர்த்தித் தர வேண்டும். அந்தப் பாக்கி இன்னும் இருக்கிறது.