அந்தோனிமுத்துவின் உயிர்ச் சான்று

"இல்லீங்க மிஸ். செத்தது அந்தோனிமுத்துதான். ஆனா எங்க வீட்டுக்காரர் சாகல."

"உங்கட வீட்டுக்காரர்ட பேர் என்ன?"

"அந்தோனிமுத்து."

பர்ஹானா பேனையைக் கீழே வைத்தாள். திங்கட்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே கண்டி நகரம் இன்னும் பனிமூட்டத்துக்குள் பாதி ஒளிந்துகொண்டிருந்தது. அவளுக்கும் அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

நகர அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுடைய ஓய்வூதியக் கோப்புகள் அத்தனையும் அவள் பொறுப்பில்தான் இருந்தன. தெருக் கூட்டியவர்கள், விளக்குக் கம்பத்தில் ஏறியவர்கள், வரிப்பணம் வாங்கியவர்கள் என்று எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை தாங்கள் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். கிராம சேவகர் ஒப்பம் வைத்த உயிர்ச் சான்று வந்தால் ஓய்வூதியம் தொடரும். வராவிட்டால் நிற்கும். வத்தேகமையிலிருந்து இந்த ஆண்டு வந்த ஒரு சான்றின் குறுக்கே, 'இறந்துவிட்டார்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மரணச் சான்றிதழின் பிரதியும் அதோடு குத்தப்பட்டிருந்தது. பர்ஹானா விதிப்படி அந்தோனிமுத்துவின் ஓய்வூதியத்தை நிறுத்தினாள். மனைவி பியட்றிஸுக்கு விதவைகள் ஓய்வூதியப் படிவத்தைத் தானே நிரப்பி, கையெழுத்து வைக்க வரும்படி கடிதமும் போட்டாள். நல்லது செய்கிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பியட்றிஸ் வந்திருந்தார். ஆனால் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு நான் எப்படிங்க விதவைன்னு கையெழுத்துப் போடுவேன்? இன்னைக்குக் காலையிலகூட, தோசைக்குச் சட்னி போதலைன்னு கத்திக்கிட்டுதான் இருந்தாரு."

பக்கத்து மேசை மக்கீன் நானாவின் தோள்கள் குலுங்கின. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதமே இருந்த தலைமை எழுதுநர் அவர். சிரிப்பை மறைக்க அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப செத்தது யாரு?"

"அவரோட அண்ணன்."

"அண்ணன்ட பேர்?"

"அந்தோனிமுத்து."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"சேச்சே, பெத்தவங்க அப்படி வைப்பாங்களா? தம்பி பேரு ஆரோக்கியம்."

"ஆரோக்கியம் எங்க இருக்கார்?"

"அதான் சொல்றேனே மிஸ். சட்னி கேட்டுக் கத்திக்கிட்டு."

பியட்றிஸ் கதிரையை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

வத்தேகமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள் அந்த அண்ணனும் தம்பியும். எண்பத்துமூன்று கலவரத்துக்கு முந்திய வருடம் வீட்டுக்கு இரண்டு தாள்கள் வந்தன. மூத்தவன் அந்தோனிமுத்து இந்த நாட்டுப் பிரஜை என்றது ஒரு தாள். இளையவன் ஆரோக்கியம் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்றது மற்றது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளைத் தாள்கள் இப்படிப் பிரித்துவைத்த காலம் அது. மூத்தவன் நேசித்த பெண்ணின் குடும்பமோ இந்தியாவுக்குக் கப்பலேறவிருந்தது. இளையவன் அப்போதுதான் பக்கத்து லயத்துப் பியட்றிஸைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தான். ஒரு சாயங்காலம் பீலிக்கரையில் குளிக்கப் போன இருவரும், தாள்களை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். முகச்சாடை ஒன்று, படங்களோ மங்கல். யாரும் கேட்கவில்லை. மூத்தவன் ஆரோக்கியமாகித் தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சிப் பக்கம் போனான். இளையவன் அந்தோனிமுத்துவாகி இங்கே தங்கினான். இரண்டு வருடம் கழித்து நகர அலுவலகத்தின் தண்ணீர்ப் பகுதியில் அவனுக்கு வேலை கிடைத்தது. முப்பத்துநான்கு வருடம் தெருத் தெருவாக வால்வு திறந்து மூடினான். தாளின்படி அறுபது வயதானபோது ஓய்வு கொடுத்தார்கள். உண்மையில் அவனுக்கு ஐம்பத்தெட்டுதான்.

"போன வருசம் அண்ணன் வந்தாருங்க, தம்பியப் பாக்கணும்னு. பொண்டாட்டியும் போயிட்டா, புள்ளகுட்டியும் இல்ல. வந்த எடத்துல படுத்தவர்தான். கடைசியா ஒன்னே ஒன்னு கேட்டாரு. 'தம்பி, அம்மா வெச்ச பேரோட என்னப் பொதச்சிரு'ன்னு."

அதனால் தம்பி தன்னுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டுபோய், இறந்தவர் இவர்தான், அந்தோனிமுத்து என்று பதிந்துவிட்டார். கிராம சேவகர் ஊருக்குப் புதிது. அவர் அட்டையையும் இறந்தவர் முகத்தையும் பார்த்தார், சாடை சரியாக இருந்தது. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலீங்க மிஸ்," என்றார் பியட்றிஸ். "நாப்பது வருசத்துல மொதத் தடவையா உண்மையச் சொல்லிட்டாரு. அதுல வந்த வினைதான் இவ்வளவும்."

பர்ஹானா ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டாள். ஒன்றிலிருந்து மற்றதற்கு அம்பு வரைந்தாள். திரும்ப ஓர் அம்பு வரைந்தாள். பிறகு எந்த வட்டம் செத்தது என்பதே மறந்துபோயிற்று.

"நானா, ஒங்களுக்கு வெளங்குதா?"

மக்கீன் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "இது லேசான விஷயம் தங்கச்சி. செத்தவர்ட பாஸ்போட்ல என்ன பேர் ஈக்கி? ஆரோக்கியம். அப்ப, மரணச் சான்றிதழ்ல பேரப் பிழையா குடுத்திட்டேன், செத்தது ஆரோக்கியம்தான் எண்டு இவர் ஒரு சத்தியக் கடதாசி எழுதித் தந்தாச் சரி. அதத் திருத்தின ஒடன பென்ஷன் பழைய மாதிரி வரும்."

"அது பொய்தானே நானா?"

"கடதாசிப்படி உண்ம."

"அப்ப இப்ப ஈக்கிற மரணச் சான்றிதழ்?"

"அது உண்ம. ஆனா கடதாசிப்படி..." அவர் நிறுத்தினார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "என்னையும் கொழப்பாதீங்க."

"நடந்தத அப்படியே மேலிடத்துக்கு எழுதினா?"

"எழுதினா, ஆரோக்கியம் எண்ட ஆள் நாட்டிலயே இல்ல, அவர் எப்பவோ கப்பல்ல போனவர். அந்தோனிமுத்து மௌத்து. அப்ப முப்பத்திநாலு வருஷம் வால்வு தொறந்தது யாரு? பென்ஷன் மட்டுமா போகும், மனுசனே இல்லாமப் பெய்த்திடுவார்."

பியட்றிஸ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் கடதாசிக்குத்தாங்க அவர் மாட்டேங்கிறாரு. நானும் ரெண்டு மாசமா மண்டைய ஒடைச்சுக்கிறேன். ஆபீஸ் ஆளு சொன்னா கேப்பாரு. ஒரு தடவ வாங்க மிஸ்."

வியாழக்கிழமை பர்ஹானா வத்தேகம பஸ்ஸில் ஏறினாள். சந்தேகமிருந்தால் ஓய்வூதியரை நேரில் பார்க்கலாம் என்று விதி இருந்தது. சந்தேகத்துக்கோ குறைவில்லை. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி அவள் வீட்டுச் சந்தியில் நின்றபோது, பேசாமல் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. 'அன்பின் அந்தோனிமுத்து அவர்கட்கு' என்று எத்தனை கடிதம் எழுதியிருப்பாள்! அதெல்லாம் யாருக்குப் போனது? திருச்சிப் பக்கம் எங்கோ ஒரு மனிதன், இங்கே தன் பெயருக்கு மாதாமாதம் கடிதம் வருவது தெரியாமல், வேறொருவன் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறான். பஸ் புறப்பட்டது. அவள் இறங்கவில்லை.

சந்தைக்குப் பின்னால் மேட்டில் இருந்தது வீடு. மெலிந்த கிழவர் ஒருவர் பக்கத்து வீட்டுக் குழாயடியில் குந்தி, காதைக் குழாயில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பியட்றிஸ் கூப்பிட்டதும் கையைச் சாரத்தில் துடைத்தபடி வந்தார்.

"வாங்க மிஸ். உக்காருங்க. மிஸ்ஸுக்கு எந்த ஊரு?"

"கட்டுகஸ்தோட்ட. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில."

"அப்படிப் போடுங்க! காலையில அஞ்சே கால் தண்ணி. நான் தொறந்துவிட்ட தண்ணியிலதான் நீங்க பள்ளிக்கூடத்துக்குக் குளிச்சிருப்பீங்க."

உண்மைதான். அந்த ஐந்தே கால் குளிர் அவள் முதுகில் ஒருமுறை ஓடி மறைந்தது. கோப்பில் இல்லாவிட்டாலும் இந்த மனிதர் தன் வீட்டுக் குழாயில் இருந்திருக்கிறார்.

"உங்கள எப்படிக் கூப்பிடுறது?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கேள்வி எவ்வளவு விநோதம் என்று உறைத்தது.

அவர் சிரித்தார். "இவ 'ஏங்க'ம்பா. வேலையில எல்லாரும் முத்து. ஆரோக்கியம்னு கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான். அவனையும் பொதச்சாச்சு."

பர்ஹானா சத்தியக் கடதாசியைப் பற்றிச் சொன்னாள். ஒரே ஒரு தாள்தான் என்றாள். சொல்லச் சொல்ல, தன் குரல் மக்கீன் நானாவின் குரலைப் போலவே இருப்பதாக அவளுக்குப் பட்டது.

"பொதைக்கிறப்ப சாமியார் அவன் பேரச் சத்தமாச் சொன்னாரு மிஸ்," என்றார் கிழவர். "நாப்பது வருசம் எம் மேல கெடந்த பேரு. அன்னைக்கு அவங்கிட்டப் போயிருச்சு. எனக்கு ஒடம்பே லேசாயிருச்சு. அவனாக் குடுத்த பேரு, நான் திருடல. ஆனா திருப்பிக் கேட்டான்ல? குடுத்துட்டு மறுபடி புடுங்குனா அதுக்குப் பேரு என்ன?"

"அதுக்குப் பேரு பெஞ்சன்," என்றார் பியட்றிஸ். "சீனி வருத்தக்காரருக்கு ஊசி மருந்து யாரு தருவா? கல்லறையில இருக்கிறவரா?"

"நீ சும்மா இரு."

"நாப்பது வருசம் சும்மாத்தானே இருந்தேன். ஊரே ஒங்கள அந்தோனின்னப்ப வாயத் தொறந்தேனா?" பியட்றிஸ் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அண்ணன் நல்ல மனுசன். செத்தவரு கோவிச்சுக்க மாட்டாரு. நீங்களும் போயிட்டீங்கன்னா, நான் எந்தப் பேருக்குங்க பொண்டாட்டி?"

 கிழவர் குழாயடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்ஹானா கோப்பிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் என்ன எழுத வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது மூன்று விதமாக யோசித்திருந்தாள். இப்போது மூன்றில் எது பொய், எது உண்மை, எது வெறும் கடதாசி என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இவர் கையெழுத்து வைத்தால் ஒருவர் சாவார், வைக்காவிட்டால் இன்னொருவர். இருவரில் ஒருவர் ஏற்கெனவே செத்துவிட்டார் என்பது ஏனோ அதற்கு உதவவில்லை.

கிழவர் அவள் பேனையை வாங்கினார். தாளின் அடி ஓரத்தில், முப்பத்துநான்கு வருடம் வரவுப் புத்தகத்தில் போட்டுப் பழகிய கையெழுத்தை மெதுவாகப் போட்டார். மேலே முழுத்தாளும் வெறுமையாகக் கிடந்தது. அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்ன எழுதணுமோ நீங்களே எழுதிக்கங்க மிஸ். ஆனா எழுதினத எனக்கு வாசிச்சு மட்டும் காட்டிராதீங்க."