செத்துக் காட்டும் வேலை

விடியுமுன்னரே மரம் சுமந்தாக வேண்டும். ஒஸ்லோவின் டி-பானே சுரங்க ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கி, ஏஜென்சி பஸ்ஸில் காட்டோரம் வந்து, பூமணி ஈரமான பைன் கட்டையின் ஒரு முனையைத் தோளில் ஏற்றினாள். மறுமுனை கூட வேலை செய்யும் யோசெப்பின் என்ற பெண்ணின் தோளில். உறைபனி படிந்த பட்டை வழுக்கியது. கட்டை இடித்துத் தோள் நேற்றே கன்றிப்போயிருந்தது. நேற்றுக் கொளுத்திய குடிசைகளை மறுபடி கட்டி நிமிர்த்தினால்தான் இன்றைக்கு மறுபடி கொளுத்தலாம். உலகத்தில் இப்படியும் ஒரு வேலை.

கட்டி முடிந்ததும் குளிரங்கியைக் கழற்றி, முகத்திலும் கையிலும் களிமண் பூசி, மெல்லிய தோலாடை உடுத்திக்கொண்டு சாக வேண்டும். அமெரிக்கக் கம்பனியொன்று தொலைக்காட்சிக்குப் படம் எடுக்கிறது. கதை நடப்பது 1813இல். பிறந்து நாற்பது வருடமும் ஆகாத அமெரிக்கக் குடியரசு நிலம் தேடித் தெற்கே இறங்குகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மஸ்கோகிப் பழங்குடி மக்களின் ஊர்களைப் படை வளைத்துக் கொளுத்துகிறது. அந்தக் காட்டுக்கும் ஒஸ்லோவின் ஊசியிலைக் காட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கமராவுக்குத் தேவை மண்ணிறத் தோல். அது கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ரூனேயிடம் மலிவாகக் கிடைத்தது. ஆஸ்பத்திரிகளைக் கூட்டித் துடைக்கிற தன் தமிழர்கள் நாற்பது பேரை அள்ளிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான். நீலச் சட்டைச் சிப்பாய்களும் அவனுடைய ஆட்களே, போலந்துக் கட்டடத் தொழிலாளர்கள்.

நேற்று ஒரு பெரிய பிசகு நடந்திருந்தது. பீரங்கி ‘டும்’ என்ற மறுகணம், நிலத்தில் புதைத்த வெடி வெடிக்குமுன்னரே, நாற்பது தமிழரும் குப்புறப் படுத்துவிட்டார்கள். முழங்கையை ஊன்றி, நெஞ்சை நிலத்தில் படவிடாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஷெல் புறப்படுகிற சத்தத்துக்கும் விழுந்து வெடிக்கிற சத்தத்துக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உடம்பே படித்து வைத்திருந்தது. இயக்குநர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். அந்தக் காலத்து மஸ்கோகிகள் இப்படிப் படுக்கமாட்டார்களாம். நின்று, அலறி, பிறகுதான் சாக வேண்டுமாம்.

இன்று ரூனே வரிசைக்கு முன்னால் வந்து நின்றான். “யார் படுத்தாலும் நேரே பஸ்ஸில் ஏறலாம். நாளையிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்கும் வர வேண்டாம்.”

குணசிங்கம் கையை உயர்த்தினார். ஐம்பது தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணன். “நேற்று வெடி தூரத்தில் இருந்தது. இன்று வெடி புதைத்த இடத்துச் சிவப்புக் கொடி எங்கள் காலடியில் நிற்கிறதே?”

“அது நிபுணர்களின் வேலை. உன் வேலை சாவது.”

தூரத்தில் பீரங்கித் திரியைப் பற்றவைத்தார்கள். யோசெப்பின் பூமணியின் கையைப் பிடித்தாள். “அக்கா, கால் தானா மடங்குது.”

“நில்லு புள்ள. இதுக்காக வேலய விட ஏலா.” பூமணி அவள் கையை இறுக்கி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

பீரங்கி முழங்கியது. அடுத்த நொடி நிலம் பிளந்தது. உறைந்த மண் கல்லாகிப் பறந்தது. பூமணி கண்ணைத் திறந்தபோது அவள் கை இன்னும் யோசெப்பினின் கையைப் பிடித்தபடியே இருந்தது. யோசெப்பின் நிலத்தில் கிடந்தாள். வலது தொடை கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பனியில் ஓடிய இரத்தத்திலிருந்து ஆவி எழும்பியது. யோசெப்பின் கத்தினாள். நல்ல அலறல் என்று கமராவை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள், பாவிகள். சிப்பாய் வரிசையிலிருந்து மாரெக் என்ற போலந்துக்காரன்தான் துவக்கை எறிந்துவிட்டு ஓடிவந்தான். தன் இடுப்புப் பட்டியை உருவித் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினான்.

மதியம் சாப்பாட்டுக் கூடாரத்தில் ரூனே பூமணியின் முன்னால் இரண்டு காகிதங்களை வைத்தான். முதலாவது வாக்குமூலம். போர்ப்பயம் பிடித்த யோசெப்பின், நிற்கச் சொன்ன கட்டளையை மீறி வெடிக்குழியின் மேல் போய்ப் படுத்தாள் என்று எழுதியிருந்தது. இரண்டாவது, பூமணிக்கு நிரந்தர வேலை தரும் கடிதம்.

“நீதான் அவள் பக்கத்தில் நின்றாய். உன் கையெழுத்துப் போதும்.”

“அவள் படுக்கவில்லை. நீ நிற்கச் சொன்னாய், நின்றாள்.”

“அதைச் சொன்னால் உன் மகள் இங்கே வந்துவிடுவாளா? நாளை விடிய இது எனக்கு வேண்டும்.”

எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பூமணியின் மகள் தக்சிலா வாகரைப் பக்கத்து ஷெல்லடிக்குத் தப்பி, மட்டக்களப்பில் தகரக் கூரை முகாமொன்றில் கிடந்தாள். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் அவளை இந்த நாட்டுக்குக் கூப்பிடச் சட்டத்தில் வழியில்லை. இரண்டு வருடமாகப் பூமணி கேட்டும் கிடைக்காத கடிதம் இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டையும் மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடத்தான் நினைத்தாள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

பஸ்ஸில், அந்தக் காகிதங்களைக் கண்டிருந்த குணசிங்கம் அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

“புள்ள, போன கிழம நான் என்ன வேசம் போட்டனான் தெரியுமா? அமெரிக்கத் தளபதியோட சேர்ந்து, சொந்தச் சனத்துக்கு எதிரா துவக்குத் தூக்கின மஸ்கோகித் தலைவன். சண்ட முடிஞ்சு மறுகா தளபதி, காணிய எழுதித் தாவெண்டு கடுதாசிய நீட்டுறான். எதிர்த்தவன்ட காணி மட்டுமில்ல, கூட நிண்டவன்ட காணியும் போகுது. சரித்திரத்திலயும் அப்படித்தானாம், இயக்குநரே சொன்னார். அந்தக் கையெழுத்த ஒம்பது தரம் எடுத்தாங்க. ஒம்பது தரமும் போட்டுக் குடுத்தன்.”

“உங்களுக்கு லேசாச் சொல்லலாம் அண்ணன். முகாமில கிடக்கிறது என்ட புள்ள.”

குணசிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். “ஓம். போடாதெண்டு சொல்ல எனக்கு வாயில்ல.”

பின்னேரம் பூமணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் கூட்டித் துடைக்கிற ஆஸ்பத்திரிதான். யோசெப்பினின் காலில் இரும்புக் கம்பிகள் ஏற்றியிருந்தார்கள். முகம் வெளிறி, குரல் வெறும் காற்றாக வந்தது.

“அக்கா, நீங்கள் என்ர கையை விட்டிருந்தால் நான் படுத்திருப்பன்.”

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ரூனே வாயால் சொன்ன கட்டளையைத் தன் கையால் நிறைவேற்றியவள் தானே என்பது அப்போதுதான் பூமணிக்கு உறைத்தது. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்து, நடைபாதை ரெலிபோனில் காசு போட்டுக் குணசிங்கத்தைக் கூப்பிட்டாள். “அண்ணன், எல்லாரையும் கூப்பிடுங்க.”

மறுநாள் விடிய ஒருவரும் மரம் தூக்கவில்லை. களிமண் வாளிகள் தொடாமல் கிடந்து உறைந்தன. முப்பத்தொன்பது பேரும் குளிரங்கிகளோடு, எரிந்த குடிசைகளுக்கு முன்னால் நின்றார்கள். பூமணி ரூனேயின் இரண்டு காகிதங்களையும் அவனிடமே நீட்டினாள். கையெழுத்து இல்லை.

“நாங்களே ஒரு வாக்குமூலம் எழுதியிருக்கிறோம்,” என்றாள். “நீ சொன்னது, கொடி நின்ற இடம், எல்லாம் அதில் இருக்கிறது. தொழிற்பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வெடியை அளக்கும்வரை ஒருவரும் இங்கே சாகமாட்டோம்.”

“மகள் வேண்டாமா உனக்கு?”

“வேண்டும். அவளிடம் சொல்லக்கூடிய வழியில் வேண்டும்.”

ரூனே அவள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பூமணி கரிச்சேற்றில் மல்லாந்து விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. குணசிங்கம் பாய்ந்து அவன் கையை முறுக்கிப் பிடித்தார். ரூனே திமிறிக்கொண்டு சிப்பாய் வரிசையைப் பார்த்துக் கத்தினான். “என்ன பார்க்கிறீர்கள்? இழுத்து பஸ்ஸில் ஏற்றுங்கள்! உங்களுக்கும் நான்தான் வேலை தருகிறேன்!”

நீலச் சட்டை போட்ட இருபது பேர் துவக்கோடு நடந்து வந்தார்கள். மாரெக் முன்னால் வந்து, துவக்கைக் கீழே போட்டு, அவளைத் தூக்கி நிறுத்தினான். தமிழர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னான்: “நான் அந்தக் காலைக் கட்டினேன். அவள் படுக்கவில்லை. எங்கள் பெயரையும் எழுது.”

துவக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

“திராமன் நகரிலிருந்து வேறு நாற்பது பேரைக் கொண்டுவருவேன்!” என்று ரூனே இரைந்தான். “ஒரு மணித்தியாலத்தில் பஸ் வரும்!”

அவன் கொண்டுவருவான். தன் மகளின் கதி என்னவாகும் என்று பூமணிக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. வாயில் ஊறிய இரத்தத்தைத் துப்பினாள்.

“வரட்டும்,” என்றாள். “அந்தச் சனத்தோட நாங்கதான் முதல்ல கதைப்பம்.”

குளிரங்கியும் நீலச் சட்டையுமாக ஐம்பத்தொன்பது பேர், பஸ்ஸை மறிக்கப் பெருந்தெருப் பக்கம் நடந்தார்கள்.