நெய் மிதந்த பிளாஸ்மா

பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வெளிர்மஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டிய ரத்தப் பிளாஸ்மா, பால் ஊற்றியதுபோல் கலங்கிக் கிடந்தது. அத்தனையும் கொழுப்பு. கொடுத்தவர் நாகூர் மீரான் அண்ணன், எங்கள் ஊர் சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். வெறும் வயிற்றோடு வரச்சொல்லி இரண்டு முறை போன் பண்ணியிருந்தேன். வெளியே போய்க் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சம்சியா விடல லா, தங்கச்சி. ரத்தம் குடுக்கப் போற மனுசன பட்டினியா அனுப்புறதான்னு நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வச்சிட்டா."

மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூட அவர் மனைவி சம்சியா அக்கா சாப்பிட வைக்காமல் அனுப்பமாட்டார். யாரைத் திட்டுவது?

அவர் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது. இருபத்தேழு வருடமாக எந்த ரத்ததான முகாமிலும் அவரைச் சேர்த்ததில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும்தான் அந்த ரத்தம் வேண்டும். வைரஸின் மேலுறைப் புரதத்தை அதிலிருந்து பிரித்து, நோயைக் கண்டுபிடிக்கும் கருவிகளைச் சரிபார்க்கக் கொடுக்கிறோம். அடுத்த வாரம் அவருக்கு மருந்து தொடங்குகிறது. மருந்து சாப்பிடுகிறவரிடம் ரத்தம் எடுக்கமாட்டோம். இதுதான் முதலும் கடைசியும்.

மேலாளர் புவனேசன் கொட்டிவிடச் சொன்னார். ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். மையவிலக்கு இயந்திரத்தின் முதல் சுழற்சியில் கொழுப்பு வெண்ணெய்போல் மேலே திரண்டது. மூடிய பாதுகாப்புப் பெட்டிக்குள்ளிருந்து வாசனை வெளியே வராது என்று தெரியும். ஆனாலும் அறை முழுக்க நெய்ச்சோறு மணந்தது எனக்கு. அதை வழித்தெடுத்தேன். வைரஸ் புரதம் தனிக் கோடாகப் பிரிவதற்காக, மிச்சத்தை அடர்ந்த உப்புக்கரைசலில் ஏற்றி மறுபடி சுழலவிட்டேன். இயந்திரத்தின் ரீங்காரத்தில் சுவர், மேசை, என் கை எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மெல்ல ஆடின. இது வீணாகிவிடக் கூடாதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் மதியம் அவரை வரச்சொன்னேன். மழை பிடித்துக்கொண்டது. அவர் வெளியே நிற்க, ஆய்வறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, சோதனைக்குழாயின் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தேன். நடுவில் நூல் பருமனுக்கு நீலம் கலந்த வெள்ளைக் கோடு ஒன்று அசையாமல் மிதந்தது. அதுதான் அந்தப் புரதம்; தேறுமா என்பது அளந்தால்தான் தெரியும்.

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்துனூண்டுக்கா இத்தன வருசம் என்னைய வேணாம்னாங்க?"

"இத்துனூண்டுதாண்ணே எங்களுக்கு வேணும்," என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்துக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். திரையில் சம்சியா அக்கா, பின்னால் அடுப்புப் புகை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே நெருங்கி வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார்.