ஜான்சன் பேர் போட்ட பாட்டு

கேட்டுவிடாதே ஷபீ. டீயைக் குடி, உன் மகள் படிப்பைச் சொல், கச்சேரிக் கதையைச் சொல், எழுந்து போ. அதை மட்டும் கேட்டுவிடாதே.

இப்படி நினைத்துக்கொண்டேதான் கிறிஸ்டினா அவன் முன்னால் பிஸ்கட் தட்டை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கட்டிப்போன புடவையை அவள் இன்னும் மாற்றவில்லை. ஷபீ அஹமது ஆம்பூர்ப் பக்கம் வந்தே பல வருஷம் ஆகிறது. வேலூரில் சொந்தமாக ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கிறான். தொப்பை விழுந்துவிட்டது. ஆனாலும் பேச்சுக்கு நடுவில் அவன் விரல்கள் முட்டியின்மேல் தாளம் போடுவது நிற்கவில்லை. அவள் தம்பி ஜான்சனோடு இந்தத் தெருவில் சுற்றிய காலத்திலும் அப்படித்தான்.

அப்போது இந்தத் தெருப் பேரைச் சொன்னால் ஆட்டோக்காரன் வர மாட்டான். எங்காவது வெட்டுக்குத்து என்றால் போலீஸ் வேன் நேராக இங்கே வந்து, கைக்குக் கிடைத்த பையன்களை அள்ளிக்கொண்டு போகும். தோல் பதனிடும் டேனரியின் நாற்றம் சோற்றுப் பானைக்குள்ளும் இருக்கும். அதற்கு நடுவில்தான் பையன்கள் சேர்ந்து சாவு வீட்டில் கானா பாடும் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். ஷபீ அவன் மாமாவின் டோலக்கைத் தூக்கி வந்தான். ஜான்சன், டேனரியில் வேண்டாமென்று எறிந்த கெமிக்கல் கேனைக் கவிழ்த்து அடித்தான். பாட்டுக் கட்டியது கிறிஸ்டினா. சாவு வீட்டில் உட்கார்ந்து கானா பாடப் பெண்ணை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவள் பாடிக் காட்டினால் அவர்கள் கற்றுக்கொண்டு போய்ப் பாடுவார்கள்.

சாவு விழாத வீட்டில் சாவுப் பாட்டு கேட்டால் தெருவே சண்டைக்கு வரும். அதனால் பழகுவதெல்லாம் பாலாற்று மணலில். பாட்டில் ஓர் இடம் காலியாக இருக்கும், செத்தவர் பேரைப் போடுவதற்கு. பழகும்போது, எப்போதோ போய்ச் சேர்ந்த கிழவர் யார் பேரையாவது போட்டுக்கொள்வார்கள். உயிரோடு இருப்பவர் பேர் ஆகாது. ஜான்சன் அதைக் கேட்கவில்லை. முகம் தெரியாத கிழவனுக்கு உனக்கு எப்படி அழுகை வரும், என் பேரைப் போடு என்றான். கால் கட்டைவிரல்களைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, மூக்கில் பஞ்சுகூட வைத்துக்கொண்டு, மணலில் மல்லாந்தான்.

“கதவு தெறந்தே கெடக்குது ஜான்சா, காலு மட்டும் வரலையே” என்று அவள் பாடுவாள். பிணம் கண்ணைத் திறக்காமல் பேசும்.

“யக்கா, கடைசில ஜாஸ்தி இழுக்கிற. பொணத்துக்கே பேஜாரா கீது.”

ஷபீ சிரித்துத் தாளத்தைக் கோட்டை விடுவான். மறுபடி முதலிலிருந்து. அந்தப் பாட்டு வேறு எந்தப் பேருக்கும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

அடுத்த கோடையில் டேனரியின் கழிவுத் தொட்டியில் இறங்கிய கூலிக்காரன் ஒருவன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க ஜான்சன் இறங்கினான். இரண்டு பேரும் ஏறவில்லை.

சாவு வீட்டில் குழு வந்து உட்கார்ந்தது. ஷபீ டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அன்றைக்கு அவள் பாடியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவளோ தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பஞ்சு, அதே கட்டு. இப்போது பாடினால் எங்கே தப்பு என்று இவன் சொல்ல மாட்டானே என்று மட்டும் தோன்றியது. வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கோயிலில்கூட உதட்டை மட்டும்தான் அசைக்கிறாள். பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியாது.

ஷபீ டம்ளரைக் கீழே வைத்தான். சென்னையில் பெரிய மேடை, அடுத்த மாதம், இந்தப் பக்கத்துக் கானாவையே கேட்கிறார்கள், அதுவும் பெண் குரலில் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

“நம்ம பாட்டுதான்க்கா. ஜான்சன் பேர் போட்டது. நீ பாடுனாதான் அது பாட்டு.”

அவள் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தயங்கித் தயங்கி, கஷ்டமாக இருந்தால் அந்த இடத்தில் வேறு பேரைப் போட்டுக்கொள்ளலாம் என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை. விரல்கள் நின்றுவிட்டன.

வாசற்படியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சம்பூர்ணம் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“பாடேன்டி. அவன் பேர வாய்விட்டுச் சொல்றதுக்கு என்னிய விட்டா யாரு கீறாங்க?”

அதுதான் அவளை உலுக்கியது. உண்மைதானே. தெருவில் பாதிப் பேர் புதுசு. சுவரில் இருக்கும் படம் யாருடையது என்று கேட்கிறார்கள். பாடினால் ஆயிரம் பேருக்கு அவன் பேர் தெரியும். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். பாட்டு முடிந்ததும் கை தட்டுவார்கள். கை தட்டல் ஓய்ந்ததும் அடுத்த பாட்டு வரும்.

அவனுக்குப் பாட வேண்டியதையெல்லாம் அவன் காது கேட்கும்போதே பாடியாயிற்று. குறை சொல்லிச் சிரித்துக்கொண்டே அவனும் முழுசாகக் கேட்டாயிற்று. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அவள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு காயை எடுத்து நார் உரித்தாள்.

“நான் பாடலம்மா,” என்றாள். பிறகு திரும்பி, “கோச்சுக்காதடா ஷபீ. வேணாம்.”