படுத்துப் பார்க்க ஒரு பெட்டி

ஒக்காய் சோவாவின் கால் விரலில் பெயர்ச் சீட்டைக் கட்டிவிட்டுப் பிணவறைப் பணியாளர் நிமிர்ந்தார்.

"பெட்டி நாங்க கொடுக்கணுமா, உங்ககிட்டயே இருக்கா?"

"இருக்கு," என்றாள் மகள் கொர்கோய்.

"எங்கன்னு சொல்லுங்க. வண்டி அனுப்பி எடுத்துக்கலாம்."

"கண்காட்சியில இருக்கு."

அந்த மனிதர் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவர். இந்தப் பதிலை மட்டும் கேட்டதில்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்தால் போதும் என்று மெதுவாகச் சொன்னார்.

கானாவில் கடலோரத்துத் தேஷியில், செத்தவர் செய்த தொழிலின் உருவத்திலேயே சவப்பெட்டி செய்வார்கள். மீன்பிடித்தவருக்கு மீன், கோகோ விளைவித்தவருக்குக் கோகோக் காய். ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்து ஓய்வு பெறும்வரை டிராம் ஓட்டிய ஒக்காய் சோவா, தனக்கு ஒரு டிராம் வேண்டும் என்று அங்கே சொல்லிச் செய்யவைத்தார். நீலமும் வெள்ளையுமாகக் கப்பலில் வந்து இறங்கியது. கூரையைத் தூக்கினால் உள்ளே வெள்ளைச் சாட்டின் மெத்தை. அதை மகன் லார்யேயின் வீட்டுச் சரக்கறையில் வைத்திருந்தார்கள். அவன் மனைவிக்கு அந்த அறைப் பக்கம் போகவே பயம்.

லார்யே, ஆம்ஸ்டர்டாமின் பைல்மர் வட்டாரத்துக் கலை விழாவின் செயலாளர். வருஷா வருஷம் கோடையில் 'நிறங்களின் வாரங்கள்' என்று ஒன்று நடத்துவார்கள். இந்தத் தடவை கண்காட்சிக்குக் கேட்டபோது அப்பா, "பாத்துட்டுப் போகட்டும்டா. ஆனா சுத்தி கயிறு கட்டி வை. யாரும் தொடக் கூடாது. எனக்கு வேணும்கிறப்ப உடனே வந்துடணும்," என்றார். மறு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

லார்யே வராந்தாவில் காத்திருந்தான். தோளில் கானாவின் கென்டே துணி, காதில் போன். அழுதிருந்தான். கண் சிவந்திருந்தது. அதைக் கொர்கோய் பார்க்காமல் இல்லை.

"வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

"அவசரப்படாதே கொர்கோய். நான் நகராட்சியில பேசிட்டேன். தள்ளிப்போட அனுமதி கிடைச்சுடுச்சு. விழாவோட கடைசி நாள் வச்சுக்கலாம்."

"எதை?"

"அடக்கத்தைத்தான். மேளம், ஊர்வலம், மேயர்கூட வர்றாங்களாம். கண்காட்சியிலிருந்து பெட்டி நேரா மயானத்துக்குப் போகும். எந்த டிராம் டிரைவருக்குக் கிடைக்கும் இப்படி?"

"அதுவரைக்கும் அப்பா எங்க இருப்பார்?"

"இங்கதான். நம்ம ஊர்ல மாசக்கணக்கா வைக்கிறதில்லையா? மாமாவை எத்தனை நாள் வச்சிருந்தோம், மறந்துட்டியா?"

அதுவும் நியாயம்தான். ஆனால் அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியது அவளிடம். "என்னை ஐஸ்ல போட்டு வைக்காதீங்கம்மா. இந்த ஊர்க் குளிர் உயிரோட பட்டதே போதும்." அதைச் சொன்னாள். லார்யே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காய்ச்சல்ல ஏதோ சொல்லியிருப்பார்," என்றான். அதற்குள் போன் அடித்தது. "ஆமா, எதிர்பாராத இழப்பு, ஆனா விழாவுக்கு ஒரு ஆழம் கிடைச்சிருக்கு," என்று டச்சில் சொல்லிக்கொண்டே நடந்தான்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பார்கள். எரிவது சொந்த வீடாக இருந்தாலும் பிடுங்குகிறவன் இவன் என்று நினைத்தபோது அவளுக்கு வாயில் கசந்தது. மெட்ரோவைப் பிடித்து நேராகக் கண்காட்சிக்குப் போனாள்.

பழைய வாகன நிறுத்தக் கட்டடம் அது. வாசலில் மேளம். ஜொலோஃப் சோற்றுக் கடையில் கூட்டம். உள்ளே ஒரு மொராக்கோக் கல்யாண நாற்காலி, யாருடைய பாட்டனோ கொண்டுவந்த தகரப் பெட்டி, துருக்கிக் கடைக்காரர் ஒருவரின் தராசு. எல்லாவற்றின் மேலும் விளக்கு. தராசுக்காரர் இன்னும் அடுத்த தெருவில்தான் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் ஆலிவ் வாங்காதவர்கள் இங்கே வந்து தராசை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

டிராமுக்கு முன்னால் வரிசை நின்றது. கயிறு எதுவும் இல்லை. கூரை திறந்திருந்தது. உள்ளே ஓர் இளம்பெண் கண்ணை மூடி, கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தாள். அவள் காதலன் ஸ்டூலில் ஏறிப் படம் எடுத்தான்.

"நாக்கை நீட்டாதே. செத்த மாதிரி இரு."

பக்கத்தில் பலகை. 'படுத்துப் பாருங்கள். உங்கள் மரணத்தோடு சற்று நேரம் இருங்கள். விரும்பும்வரை இருக்கலாம்.'

கொர்கோய் பலகையை மறுபடி படித்தாள். உயிரோடிருப்பவர் சவப்பெட்டிக்குள் படுப்பது அவர்கள் வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். செய்யச் சொன்ன அப்பாவே அதற்குள் கைவிட்டுத் தொட்டதில்லை.

கண்காட்சிப் பொறுப்பாளர் லீஸ்பெத் அவளை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கேள்விப்பட்டேன். எவ்வளவு பெரிய துக்கம்! உங்கப்பா இங்க எல்லார்கிட்டயும் பேசிட்டு இருக்கார், தெரியுமா?"

"பெட்டியைக் கொடுங்க. வெள்ளிக்கிழமை அடக்கம்."

"உங்க அண்ணன் வேற மாதிரி சொன்னாரே." குரல் பஞ்சாக இருந்தது. "ஒப்பந்தம் கடைசி நாள் வரைக்கும். இது இப்ப எங்க மொத்தக் காட்சிக்கும் இதயம் மாதிரி. நீங்களும் கொஞ்சம் யோசிங்க."

கொர்கோய் யோசிக்கவில்லை. வரிசையில் போய் நின்றாள். தன் முறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள்.

தலையணையில் ஒரு மஞ்சள் முடி. கன்னம் படும் இடத்தில் முகப்பூச்சுக் கறை, உதட்டுச் சாயம். வியர்வை, வாசனைத் திரவியம், வெங்காய நெடி. விலாப் பக்கத்தில் ஏதோ ஒட்டியது. தொட்டுப் பார்த்தாள். மென்று துப்பிய பபிள்கம். எழுந்து ஓடிவிடலாம் என்று உடம்பு முழுவதும் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. லீஸ்பெத் குனிந்தாள்.

"மத்தவங்க காத்திருக்காங்க, கண்ணு."

"விரும்பும்வரை இருக்கலாம்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க? எனக்கு இன்னும் விருப்பம் இருக்கு." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்கப்பா நேத்து செத்துட்டார். இது அவரோட பெட்டி. இதைக் கொடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் யாரோ, இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்பது போலக் கை தட்டினார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். ஒரு நிமிஷத்துக்குள் கூடமே தட்டியது. போன்கள் உயர்ந்தன. சீ, என்ன ஜென்மங்கள் என்று அவளுக்கு இருந்தது. அவர்கள் அறைந்திருந்தால்கூடத் தேவலை.

யாரோ சொல்லி லார்யே வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். தலைக்கு மேல் அவன் முகம் தெரிந்தது.

"எந்திரிடி. மானம் போகுது."

"யாரோட மானம்?"

"சின்னப்பிள்ளை மாதிரி பண்ணாதே. நான் அப்பாவுக்குப் பெருமை தேடித்தர்றேன், நீ..."

"கயிறு கட்டச் சொன்னாரே, கட்டினியா?"

"அது... லீஸ்பெத்துதான், மக்கள் தொட்டாத்தான் உணர்வாங்கன்னு..."

"சரி. நீயும் தொட்டுப் பாரு. இந்தத் தலையணையில கை வை. வச்சுட்டுச் சொல்லு, அப்பா தலையை இதுல வைக்கலாம்னு. நீ சொன்னா நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

"இதெல்லாம் துவைச்சா..."

"கையை வைண்ணே."

அவன் கையை வைத்தான். எடுத்தபோது விரலில் பழுப்பாக முகப்பூச்சும், சுற்றிக்கொண்ட ஒரு மயிரும். கென்டே துணியில் துடைக்கப் போய், அது துக்கத்துக்கு உடுத்தியது என்று நினைவு வந்தது போல நிறுத்தினான். கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லீஸ்பெத், எல்லாரையும் வெளிய அனுப்புங்க," என்றான்.

"ஆனா லார்யே, ஒப்பந்தம்..."

"கையெழுத்துப் போட்டது நான்தானே? என்மேல கேஸ் போடுங்க. இப்ப அனுப்புங்க."

கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. கொர்கோய் எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. லார்யே கை கொடுத்தான். சுத்தமான கையை. பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

காவலாளி கத்தரி கொண்டுவந்தார். தலைமாட்டிலிருந்து லார்யே வெட்டிக்கொண்டு வர, அவள் துணியை மெத்தையோடு பிய்த்துக் குப்பைப் பையில் அடைத்தாள். பிய்க்கப் பிய்க்க அடியில் பலகை தெரிந்தது. மரத்துக்கு இன்னும் மர வாசனையே இருந்தது. ஒரு தடவை அவன் மூக்கை உறிஞ்சினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை அவளுக்கு. லேசில் ஆறுவதாகவும் இல்லை.

கால்மாட்டுக்கு வந்தபோது துணி வெள்ளையாக இருந்தது. டச்சுக்காரர்களே அண்ணாந்து பார்க்கிற உயரம் அப்பாவுக்கு. அவர் அளவுக்குச் செய்த பெட்டி. இத்தனை பேர் படுத்துப் பார்த்தும் ஒருவருடைய காலும் அதுவரை எட்டவில்லை. ஒரு சாண் அகலத்துக்கு, தேஷியில் தைத்த மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது.

லார்யேயின் கத்தரி நின்றது.

"இதை விட்டுடலாமா?" என்றான்.

கொர்கோய் குனிந்து, அந்தச் சாண் துணியின் வெட்டிய ஓரத்தில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.