அண்ணனிடம் ஒரு மனு

கைப்பேசியில் மணி அடித்தபோது உனைசி இன்னும் வணக்கத்தையே முடித்திருக்கவில்லை. மாகாணத்தின் பெரிய தலைவர், அவருடைய குலம், குலத்தின் பட்டம், அடுத்த நிலைத் தலைவர்கள், குழுவின் தலைவர், அவருடைய தாய்வழி ஊர் என்று வரிசைக்கிரமமாக எல்லோரையும் வணங்கி, இத்தனை பெரிய சபையில் வாய் திறப்பதற்காக இரண்டு முறை மன்னிப்பும் கேட்டு, "நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று இழுத்தபோது மூன்று நிமிடம் தீர்ந்துவிட்டது. தலைநகரான சுவாவில் அந்த மாடி அறையில் உட்கார்ந்திருந்த மற்ற பதினொரு ஆசிரியர்களும் கைதட்டிச் சிரித்தார்கள்.

"இலை போட்டாச்சு, தண்ணியும் தெளிச்சாச்சு டீச்சர். சோறு எங்க?" என்றாள் பயிற்சி கொடுக்கும் ஆஷ்னீதா.

"வணக்கம் சொல்லாமப் பேசினா எங்க ஊர்ல அதுக்குப் பேரு பேச்சே இல்ல மேடம். நாய் குரைக்கிற கணக்கு."

ஆஷ்னீதா கரும்பு விளையும் மேற்குப் பக்கத்துப் பள்ளியொன்றில் பதினைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது ஐந்தைந்து சனிக்கிழமைகளாக ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, சட்டம் போடுகிற நாடாளுமன்றக் குழுவின் முன்னால் மூன்று நிமிடம் நின்று பேசப் பழக்குகிறாள். வகுப்பறையில் நடப்பது வகுப்பறைக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும், அவரே வாய் மூடி இருந்தால் மந்திரிக்குக் கனவிலா தெரியும் என்பது அவள் கட்சி. ஒரே ஒரு கதை, ஒரே ஒரு கோரிக்கை, முடிவெடுப்பவரின் கண்ணைப் பார்த்துக் கேள்வி. இவ்வளவுதான் பாடம். கேட்க லேசாகத்தான் இருக்கும். முப்பது பிள்ளைகளை ஓர் அதட்டலில் அடக்குகிற ஆசிரியர்களுக்கு அந்தக் கண்ணைப் பார்க்கிற பாடம்தான் தொண்டையில் சிக்கியது.

உனைசிக்குக் கோரிக்கையில் குழப்பமே இல்லை. இருபத்தைந்துக்குக் குறைவான பிள்ளைகள் இருக்கும் தீவுப் பள்ளிகளை மூடிவிட்டு எதிர்த்தீவின் விடுதிப் பள்ளியோடு சேர்ப்பது என்று ஒரு விதி வரப்போகிறது. அவள் பள்ளியில் பத்தொன்பது பேர். விதி வந்தால் ஆறு வயதுக் குழந்தை திங்கட்கிழமை படகேறிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை கடல் அனுமதித்தால் திரும்பி வரலாம். மூன்றாம் வகுப்பு வரைக்குமாவது பிள்ளைகள் வீட்டில் தூங்கட்டும் என்று கேட்கத்தான் இத்தனை தூரம் கப்பலேறி வந்திருந்தாள். "ஊதுற சங்க ஊதிட்டு வா, விடியும்போது விடியட்டும்" என்று புருஷன் கிழங்கு வேகவைத்துக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தான்.

கதைதான் உடனே வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை திடீரென்று வந்தது. தீவில் பள்ளி இல்லாத காலத்தில் எதிர்த்தீவு விடுதிக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன். ஆறு வயது. இரவில் படுக்கையை நனைத்துவிடுவான். மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் விரிப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் அலசிவிட்டு வருவான். உப்புத் தண்ணீரில் அலசிய துணி காய்ந்தும் காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். அதிலேயே அன்றைக்கும் படுப்பான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது தொடையெல்லாம் புண். அவன் அம்மா ஒன்றும் கேட்காமல், அவன் பார்க்காத நேரத்தில் விரிப்பை நல்ல தண்ணீரில் போட்டு அலசுவாள். உனைசி சொல்லி முடித்தாள்.

"இதுதான் டீச்சர். இத அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்த மாத்தாதீங்க" என்றாள் ஆஷ்னீதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்தப் பையன் யார் என்று உனைசி சொல்லவில்லை. அவளுடைய பெரியப்பா மகன் அபெனிசா. இருவரும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள். பெரியப்பா மகன் என்றால் அங்கே கூடப்பிறந்த அண்ணன்தான், தள்ளி வைத்த பேச்சே கிடையாது. அதனாலேயே, வயது வந்த பிறகு அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசக் கூடாது. ஒருவர் நுழைந்தால் மற்றவர் எழுந்து போய்விட வேண்டும். அது கோபமல்ல, மரியாதை. அவன் தலைநகரில் பெரிய ஆளாகி நாடாளுமன்றத்துக்கே போய்விட்டான். அவன் வேறு ஏதோ குழுவில் இருப்பதாகத்தான் கேள்வி. பெயர் சொல்லாத ஒரு பையனின் கதை எந்த வழியாக அவன் காதுக்குப் போய்விடப்போகிறது?

குழு கூடும் நாளன்று தாழ்வாரத்தில் அவளை முதலில் பார்த்தவன் சமிசோனி. குழுவின் எழுத்தர், அவளுக்கு அத்தை மகன். அத்தை மகனிடமும் மாமன் மகளிடமும் எதையும் பேசலாம், பேசாவிட்டால்தான் குற்றம்.

"என்ன மாமன் மகளே, சென்ட்டு வாசன கப்பல்துறை வரைக்கும் வருது? என்னப் பாக்கவா?"

"அத்தை பெத்த ரத்தினமே, உன்னப் பாக்க வர்றதா இருந்தா மூக்கப் பொத்திக்கிட்டுல்ல வந்திருப்பேன்."

அவன் சிரித்தான். ஆனால் வழக்கம்போல இரண்டாவது கிண்டல் வரவில்லை. "தலைவருக்கு உடம்பு சரியில்ல. இன்னைக்கு அவருக்குப் பதிலா அபெனிசா உக்காரப்போறாரு" என்றான்.

உனைசி ஆஷ்னீதாவை ஓரமாக இழுத்துப் போய், யாருடைய கதை அது என்று முதல் முறையாகச் சொன்னாள்.

"உறவுக்காரர்னு சொல்லி அவர விலகச் சொல்லலாமே?" என்று ஆஷ்னீதா சமிசோனியைக் கேட்டாள்.

"இந்த நாட்டுல உறவில்லாத ஆளா வச்சுக் குழு போடணும்னா, ஆள கப்பல்லதாம்மா எறக்கணும்."

ஆஷ்னீதா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஒரு விதத்துல நல்லதுதான் டீச்சர். அந்தக் கதையச் சொல்லுங்க. அவரால மறுக்கவே முடியாது."

"அது எங்க அண்ணனோட மானம் மேடம்."

"பத்தொம்பது பிள்ளைங்க, டீச்சர்."

ஆஷ்னீதா சொன்னது பொய்யில்லை. அந்தக் கதை வேலை செய்யும் என்று உனைசிக்கே தெரியும்.

பெயரைக் கூப்பிட்டதும் குனிந்து, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று முணுமுணுத்தபடி மேசைகளைக் கடந்து போய் நின்றாள். அபெனிசாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் முறைப்படி எழப்போவதுபோல் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தினான். பிறகு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, கண்களைக் காகிதத்தில் புதைத்துக்கொண்டான். மேசைமேல் இருந்த கடிகாரம் ஓடத் தொடங்கியது.

உனைசி வணக்கத்தை ஒரே வரியில் முடித்தாள். அப்புறம் உடம்பை முழுசாக எழுத்தர் பக்கம் திருப்பினாள்.

"சமிசோனி, நான் உங்கிட்டத்தான் பேசப்போறேன். காதுள்ளவங்க கேட்டுக்கட்டும்."

இரண்டு உறுப்பினர்கள் விஷயம் புரிந்து புன்னகைத்தார்கள். சமிசோனி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனிடம் பேசுவது அவளுக்கு எப்போதும் லேசு.

"உனக்கு மூளை எப்பவும் கொஞ்சம் மெதுவா, அதனால மெதுவாவே சொல்றேன். ஒண்ணாம் வகுப்புல எனக்கு நாலு பேரு. நாலு பேருக்கும் பல்லு விழுந்துட்டிருக்கு. பல்லு விழுந்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா? கணக்க விட்டுட்டு வீட்டுக்கு ஓடுவாங்க, அம்மாகிட்டக் காட்ட. நானும் விட்டுடுவேன். திரும்பி வந்து அந்தக் கணக்க ஒழுங்காப் போடுவாங்க. விடுதிக்குப் போனா விழுந்த பல்ல யார்கிட்டக் காட்டும் அந்தப் பிள்ள? மூணாவது வரைக்கும் எங்க தீவுலயே படிக்கட்டும். அதுக்கு மேல நாங்களே படகு ஓட்டி வந்து விடுறோம். தலையெண்ணி விதி போடுறவங்க வயசையும் கொஞ்சம் எண்ணட்டும்னு சொல்லு."

சொல்லி நிறுத்தினாள். கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. பையனின் கதைக்காக ஒதுக்கிய நிமிடம். பின்வரிசையில் ஆஷ்னீதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உனைசி அதை விழுங்கினாள். பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டோமோ என்று கண் கலங்கியது. ஆனாலும் சொல்லவில்லை.

அபெனிசா காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்.

"சமிசோனி, அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளு. விடுதியில பிள்ளைங்க படுக்கை விரிப்ப எங்க அலசுறாங்க?"

சமிசோனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் திரும்பி, "கேக்கறாரு" என்றான்.

"கடல்லன்னு சொல்லு. போன மாசம் நான் போய்ப் பாத்தேன். தொட்டித் தண்ணி சமையலுக்கே பத்தல."

"இன்னுமா?" என்றான் அபெனிசா. அது யாரையும் கேட்ட கேள்வியாக இல்லை. "உப்புத் தண்ணி. காயவே காயாதே."

"காயாது" என்றாள் உனைசி.

நேராக அவனிடமே சொல்லிவிட்டாள். நாற்பது வருஷத்தில் முதல் வார்த்தை. சொன்ன பிறகுதான் உறைத்தது, கை தானாக வாய்க்குப் போயிற்று. அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் அடித்தது.

"அத நிறுத்து" என்றான் அபெனிசா சமிசோனியிடம். "அந்தம்மா இன்னும் பேசணும். விடுதியப் பத்தி எல்லாத்தையும் சொல்லச் சொல்லு. ஒண்ணு விடாம எழுதிக்க."

பிறகு, தங்கை கூச்சமில்லாமல் பேச வேண்டுமானால் ஓர் அண்ணன் என்ன செய்வானோ அதைச் செய்தான். தலைவரின் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, அத்தனை உறுப்பினர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். நரைத்த தலை மட்டும், நன்றாகக் கேட்பதற்காக, அவள் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது. உனைசி முந்தானை போல் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த முதுகைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.